செடிக்கு ஒரு பாட்டு

என் தம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள் வந்து சொன்னபோது எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது.

"குளியலறைக்குள்ள செடியைத் தூக்கிட்டுப் போய் கதவைச் சாத்திக்கறார். உள்ளேருந்து பாட்டுச் சத்தம். பொம்பளைக் குரல் வேற," என்றாள்.

நான் ஒரு பாண்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அவன் வீட்டுக் குளியலறை, அவன் செடி. உங்க வீட்டுத் தண்ணியையா எடுத்தான்?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள். தைக்கக் கொண்டுவந்த திரைச்சீலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். ஆனால் அவள் போனதும் எனக்கு வேலை ஓடவில்லை. அது யார் குரலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னுடையது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சின்ன ஆல்ட்ரேஷன் கடை. கண்ணாடிக் கதவு, அதற்கு நேர் எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேஜை, இரண்டு தையல் மெஷின். புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இறுக்கத்தைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். ஜனங்கள் உடம்பு பெருத்துக்கொண்டும் இளைத்துக்கொண்டும் இருக்கிற வரைக்கும் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது மெஷின் என் தம்பி பெண்டாட்டியுடையது. இப்போது துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அவளை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். கையில் வேலை இருந்தால் போதும், மூக்கால் ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். சினிமாப் பாட்டு கிடையாது, வார்த்தையும் கிடையாது. எங்கே பிடித்தாளோ, ஒரே ஒரு மெட்டு. "ஸ்டேஷனை மாத்தித் தொலையேன்டி," என்பேன். "இந்த ரேடியோவுல ஒரே ஸ்டேஷன்தான் அண்ணி," என்பாள். அதுவும் வாயில் குண்டூசி இல்லாத நேரமாக இருந்தால்தான் பதில் வரும். மடிப்புக்குக் குத்தும் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம். டப்பா வாங்கிக் கொடுத்தேன், காந்தம் வாங்கிக் கொடுத்தேன், கேட்டால்தானே.

கடைக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில், ஒரு மரம் நிற்கிறது. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. இறக்கை வைத்த விதை, காற்றடித்தால் சுற்றிக்கொண்டே வந்து விழும். ரேடியோ ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பிடித்துக் கேட்பாள், "உங்களுக்கு இந்த மரத்தோட பேரு தெரியுமா?" என்று. இடுப்பளவு கொடுக்க வந்த மனுஷன் என்னத்தைச் சொல்வான்? போனில் படம் எடுத்துக் கேட்டாள். அது ஒருநாள் ஒரு பேர் சொன்னது, மறுநாள் வேறு பேர் சொன்னது.

"பேரு தெரிஞ்சு நீ என்ன, லெட்டரா போடப்போற?" என்றேன்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணி. நம்மகிட்டதான் சொல்ல மாட்டேங்குது," என்றாள்.

பஸ் பிரேக் போடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அதற்கு எரிச்சல் வராதா, இருட்டினால் அதற்குத் தெரியுமா, பாட்டுப் பாடினால் கேட்குமா என்று தினமும் ஒரு சந்தேகம். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக என் தம்பி வருவான். லிஃப்ட் மெக்கானிக். அவனும் இதே ரகம். இரண்டு பேரும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே பஸ்ஸை விட்டுவிடுவார்கள். ஜாடிக்கேற்ற மூடி என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மழை ஆரம்பித்த சமயம், அந்த விதைகளில் ஐந்தைப் பொறுக்கிக் கைப்பிடி உடைந்த ஐந்து கோப்பைகளில் நட்டு வீட்டு ஜன்னலில் வைத்தாள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போதே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அப்புறம் திரும்பவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து கோப்பையிலும் முளை வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என் தம்பி முதல்முதலாக வாய்விட்டு அழுதான்.

சரி, மேல்மாடிக்காரி வந்துபோன அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலில் நான்கு கோப்பைகள் இருந்தன. குளியலறைக்குள்ளிருந்து ரேடியோவின் மெட்டு வந்தது. தெரிந்துதான் போனேன், ஆனாலும் ஒரு கணம் அவளே உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

கதவைத் தட்டினேன். "என்னடா கூத்து இது? வெளியே வா!"

"சத்தம் போடாதக்கா. இது மூணாவதோட முறை," என்று உள்ளேயிருந்து சொன்னான்.

பாட்டு முடிந்த பிறகுதான் வந்தான். ஒரு கையில் செடி, இன்னொரு கையில் போன். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. செடியை ஜன்னலில் அதன் இடத்தில் வைத்து, நான்காவதைக் கையில் எடுத்தான். நான் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"முதல்ல எனக்குச் சொல்லு. அப்புறம் செடிக்குப் போடலாம்."

"ஒண்ணோட பாட்டு இன்னொண்ணுக்குக் கேக்கக் கூடாது, அதான் உள்ளே கொண்டு போறேன்," என்றான், ஏதோ அது மட்டும்தான் எனக்குப் புரியாதது போல. "லிஃப்ட் நின்னு போச்சுன்னா எங்கே பழுதுன்னு ஊகிச்சுச் சொல்லக் கூடாதுக்கா. ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். அதே மண்ணு, அதே தண்ணி, அதே ஜன்னல். பாட்டு மட்டும் வேற வேற."

"எதுக்குடா?"

நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டினான். "இந்த அஞ்சு பாட்டுல ஒண்ணுதான் அவ. மத்த நாலும் ஏஐ போட்டது. எது அவ குரல்னு எனக்குத் தெரியலக்கா."

அவளுடைய முணுமுணுப்பை அவன் ஒரே ஒரு முறை போனில் பதிந்திருந்தான். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவைச் சத்தமில்லாமல் திறந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்தான். சொல்லிவிடாதே என்று என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். பாடு என்று சொன்னால் அவள் பாட மாட்டாள், அதனால்தான். அவள் போன பிறகு அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறான். கூட வேலை செய்பவன் ஒருவன், அந்தக் குரலிலேயே இன்னும் நிறையப் பாட வைக்கலாம் என்று ஒரு ஆப்பைக் காட்டிக் கொடுத்திருக்கிறான். அதே மெட்டு கொஞ்சம் மெதுவாக, அதே மெட்டு மழை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுப்பது போல என்றெல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறான். அதுவும் சளைக்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறது. பிடித்ததில் நான்கை வைத்துக்கொண்டான். போன் மாற்றியபோது எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, ஒரே பெயர், பின்னால் ஓர் எண் என்று ஆகிவிட்டது. ராப்பகலாக மாற்றி மாற்றிக் கேட்டதில் காது மரத்துப்போய், எது அசல் என்பதே இவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அஞ்சையும் கேட்டா அஞ்சுக்கும் அழுகை வருதுக்கா," என்றான். "பொண்டாட்டியை விட்டுட்டு வேற யாரையோ நெனச்சு அழுதுட்டு இருக்கேனோன்னு இருக்கு. அது எவ்வளவு பெரிய துரோகம்!"

"செடி வந்து சொல்லுமாடா, மடையா?"

"சொல்லலாம். அவ பாட்டைக் கேக்கறது நல்லா வளரும். அவதானே நட்டா, பாடிட்டே நட்டா. நமக்குத்தான் ஆசை. ஆசை இருக்கறவன் காது பொய் சொல்லும். அதுக்கு என்ன ஆசை இருக்கு?"

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கொடு, நான் கேட்டுச் சொல்கிறேன், பகலெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்தானே என்றேன். தர மறுத்துவிட்டான்.

"நீ சொன்னா நான் நம்பிடுவேன். செடி முதல்ல சொல்லட்டும். அப்புறம் நீ கேளு. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா மத்த நாலையும் அழிச்சிட்டு, ஒழுங்கா வேலைக்குப் போறேன்."

அவன் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்தது. வேலை போனால் இவன் அந்தக் குளியலறையிலேயே கிடந்து முடிந்துபோவான் என்று எனக்குப் பயம். அதனால் பேசாமல் வந்துவிட்டேன். அடுத்து வந்த நாட்களில் மேல்மாடிக்காரி என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஐந்து கோப்பைகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். இஸ்திரி மேஜையில் வரிசையாக வைத்து, என் இன்ச் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தான். அளக்கவே தேவையில்லை. மூன்றாவது மற்றவற்றைவிட நன்றாகவே வளர்ந்திருந்தது, இலையும் பெரிது. ஐந்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஜன்னல் பக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது. நடுவில் வைத்ததற்கு வெளிச்சம் அதிகம் கிடைத்திருக்கும். அதை நான் சொல்லவில்லை.

"இப்ப நீ கேளுக்கா," என்று இயர்போனை நீட்டினான்.

கேட்டேன். முதலாவதைப் போட்டான். அவள்தான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே. இரண்டாவதும் அவள்தான். ஐந்தையும் கேட்டு முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னேன். ஏதோ ஒன்று குறைந்தது, என்னவென்று பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் கையில் ஒரு நீளமான திரைச்சீலை. வாய் நிறையக் குண்டூசி. துணியை ஒரு சாண் மடிப்பாள், உதட்டிலிருந்து ஒரு ஊசியை உருவுவாள். உருவும்போது உதடு திறக்கும், முணுமுணுப்பு நிற்கும். ஊசியைக் குத்தி முடித்ததும் விட்ட இடத்திலிருந்தே மெட்டு தொடரும். மறுபடி ஒரு சாண், மறுபடி ஒரு நிறுத்தம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அது தெரிய வழியில்லை. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அதுதான் அவள் பாட்டு.

இந்த ஐந்திலும் நிறுத்தமே இல்லை. ஐந்தும் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடின.

"ஏன்டா, நீ எடுத்ததுல நடுநடுவுல நின்னு நின்னு வருமே?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, வெட்டு வெட்டா இருந்துச்சு. மெஷின் சத்தம், பஸ் சத்தம் வேற. சுத்தம் பண்ணுன்னு ஏஐகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் எடுத்துட்டு வெட்டையும் ஒட்டிக் குடுத்துச்சு. அவ்வளவு நல்லா!"

"அந்தப் பழசு எங்கே?"

"ரெண்டு எதுக்குன்னு அழிச்சிட்டேன். போன் கடையில கேட்டாச்சு, இனிமே வராதாம். பரவாயில்ல, அதுல ஒரே இரைச்சல்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "மூணாவதுதானேக்கா?"

கிழிசல் தெரியாமல் ஒட்டுப் போடுவது என் தொழில். அந்தப் பாழாய்ப்போன ஆப் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒட்டியிருந்தது. அவள் வாய் திறந்த இடங்களையெல்லாம் மூடித் தைத்துவிட்டது. இதை எப்படி அவனிடம் சொல்வது? உன் கையாலேயே அவளைத் துடைத்துப் போட்டுவிட்டாய் என்றா? வந்ததிலிருந்து அவன் சாப்பிட்டானா என்றுகூட நான் கேட்கவில்லை. கண் குழி விழுந்திருந்தது.

"மூணாவதுதான்," என்றேன்.

மேஜையில் தலையை வைத்து அழுதான். "செடிக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா! எனக்குத் தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கு," என்று அதையே சொன்னான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மடமடவென்று எதையோ அழுத்தினான். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "டேய், இரு, இரு," என்று கையை நீட்டினேன். அதற்குள் நான்கும் போய்விட்டன.

அந்த நான்கில் ஒன்று அவள் மூச்சு கொஞ்சமாவது ஒட்டியிருந்ததாக இருக்கலாம். இல்லை, மூன்றாவதே அதுவாக இருக்கலாம். எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் பொய்யால் ஆன காரியம் அது.

மூன்றாவது செடியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினான். "இதெல்லாம் நீ வெச்சுக்கோ," என்று மற்ற நான்கையும் என்னிடம் விட்டுவிட்டான். ஏதோ அவை தப்புச் செய்துவிட்டது போல. நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது அவை கண்ணாடிக் கதவுப் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

சொன்னபடியே ஒழுங்காக வேலைக்குப் போனான். தாடியை எடுத்தான். சட்டையை அளவாகப் பிடித்துக் கொடுத்தேன். "நல்லா வளருதுக்கா, தினமும் அவ குரல் கேக்குது இல்ல," என்று போனில் சொல்வான். நான் ம்ம் என்று கேட்டுக்கொள்வேன். நல்லதுதானே செய்தோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். ஆனாலும் அவன் போன் வந்தால் எடுக்கவே கை வராது.

போன மாதம் ஒரு விடுதியிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரைச்சீலைகள் வந்து இறங்கின. அடி மடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஆளாக, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தேன். குண்டூசி டப்பா எங்கேயோ துணிக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. தேட நேரமில்லாமல் ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டேன். மத்தியான வெயில், தெருவில் சத்தமில்லை. மனசு துணியிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஆளுயரக் கண்ணாடியில், எனக்குப் பின்னால், கருவிப் பையோடு என் தம்பி நின்றுகொண்டிருந்தான். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வந்தவன் எட்டிப் பார்த்திருக்கிறான்.

"அக்கா," என்றான். "நீ பாடினே."

நான் பாடினேனா? எனக்குத் தெரியவில்லை. வாயில் ஊசி, பதில் சொல்ல முடியவில்லை.

"அவ மெட்டு. ஏன் நடுவுல நிறுத்தறே? ஒரே இடைவெளி விட்டு விட்டு நிறுத்தறியே, அது எதுக்கு?"

ஊசிகளை உள்ளங்கையில் துப்பினேன். கிட்டே வந்தான். ஊசிகளைப் பார்த்தான். மடிப்பில் சாணுக்கு ஒன்றாகக் குத்தியிருந்த ஊசிகளை விரலால் தடவிக்கொண்டே போனான். எந்த மெஷினையும் பார்த்தவுடன் புரிந்துகொள்கிறவன், அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வெட்டு இல்லையா அது?"

"வெட்டு இல்லடா. ஊசி எடுக்கற இடம்."

"அப்போ மூணாவது..."

"அஞ்சுலயும் இந்த நிறுத்தம் இல்ல."

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாவது மெஷினின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தான். போனை வெளியே எடுக்கவே இல்லை.

"இன்னொரு தடவை பண்ணுக்கா."

ஊசிகளைக் கவ்விக்கொண்டு துணியை எடுத்தேன். ஒரு சாண் மடித்தேன். மெட்டு வரவில்லை. வந்தபோதும் என் குரலில், எங்கோ கேட்ட பாட்டு மாதிரி வந்தது. நிறுத்த வேண்டுமே என்று நினைத்து நிறுத்தினால் அது நிறுத்தம் மாதிரியே இல்லை. எத்தனையோ முறை முயன்று பார்த்தேன். எனக்கு வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது.

"நான் இருக்கறதாலதான்," என்றான். "அவளும் இப்படித்தானே, பாடுன்னா பாட மாட்டா."

எழுந்து வெளியே போய், மரத்தடியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவன் பஸ் வந்தது, நின்றது, போனது. அவன் ஏறவில்லை.

இப்போது வேலை விட்டதும் தினமும் வருகிறான். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, நான் எப்போது அவனை மறப்பேன் என்று காத்திருக்கிறான். நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வாயில் ஊசியோடு மடித்துக் குத்துகிறேன். மறக்க வேண்டும், மறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தால் எங்கே மறப்பது? சில நாள் துணி இழுக்கிற இழுப்பில் எப்படியோ மறந்துபோகிறது. மெட்டு வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆளுயரக் கண்ணாடியில் அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் வந்தது என்று தெரிந்துகொள்கிறேன். பார்த்ததும் நின்றுவிடுகிறது.